மெலனோமாவும் ஸ்டீவன் ரோசன்பெர்க்கும்: எதிர்ப்பாற்றல் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இம்யூனோதெரபி, அதாவது நம் உடலின் எதிர்ப்பாற்றலையே நோய்க்கு எதிராகத் திருப்பும் சிகிச்சை, என்ற சொல் இன்று புற்றுநோய் வார்டுகளில் சாதாரணமாகக் காதில் விழுகிறது. மருத்துவ உலகம் அதைச் சந்தேகத்தோடு பார்த்த காலத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டு அரை நூற்றாண்டு உழைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பெர்க். அவர் அதிகமாக மல்லுக்கு நின்ற நோய் மெலனோமா என்ற தோல் புற்றுநோய். உறவினர்களும் நண்பர்களும் இதுபற்றி என்னிடம் கேட்டவற்றையும், நான் தேடிப் படித்து அறிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. இந்த நோயில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்பது பின்னால் ஒரு பதிலில் வருகிறது.

மெலனோமா என்றால் என்ன? எல்லாத் தோல் புற்றுநோயும் அதுதானா?

இல்லை. நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைச் சுரக்கும் செல்களுக்கு மெலனோசைட் என்று பெயர். அந்தச் செல்களில் தோன்றும் புற்றுதான் மெலனோமா. தோலில் வரும் மற்ற புற்றுநோய்கள் உலக அளவில் இதைவிட அதிகம் பேருக்கு வருகின்றன. வெட்டியெடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. மெலனோமா எண்ணிக்கையில் குறைவு, உயிர்பறிப்பதில் முன்னணி.

ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்து அகற்றினால் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அதே கட்டி நிணநீர் முடிச்சுகளைத் தாண்டி நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ மூளைக்கோ போய்விட்டால் கதை வேறு. 2011க்கு முன்பு, அப்படிப் பரவிய நிலையில் வந்தவர்களில் பாதிப் பேர்கூட ஓராண்டைக் கடக்கவில்லை. டகார்பசின் என்ற கீமோதெரபி மருந்தைப் பல ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். அது ஆயுளை நீட்டியதாக ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை.

ரோசன்பெர்க் யார்?

1940இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள். சிறிய உணவுக்கடை நடத்தியவர்கள். போர் முடிந்த ஆண்டுகளில், ஐரோப்பாவில் இருந்த சொந்தக்காரர்களில் யார் யார் நாஜி முகாம்களில் கொல்லப்பட்டார்கள் என்ற செய்தி தபால் அட்டைகளாக அந்த வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. ஆறேழு வயதுப் பையனாக அதைப் பார்த்ததுதான், மனிதனின் துயரத்தைக் குறைக்கும் வேலை ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தன்னை நினைக்கவைத்ததாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம், பாஸ்டனில் அறுவைப் பயிற்சி, நடுவில் ஹார்வர்டில் உயிர் இயற்பியலில் முனைவர் பட்டம். 1974 ஜூலையில், 33 வயதிலேயே, மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் உள்ள அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அறுவைப் பிரிவுத் தலைவரானார். 1985இல் அதிபர் ரீகனுக்குக் குடலில் கட்டி அகற்றப்பட்டபோது, அது புற்றுநோய்தான் என்று செய்தியாளர்கள் முன் அறிவித்தவரும் இவரே.

இந்த ஆராய்ச்சிக்கு எது வித்திட்டது?

ஒரு பித்தப்பை. 1968, பாஸ்டனை ஒட்டிய வெஸ்ட் ராக்ஸ்பரி. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ரோசன்பெர்க் பயிற்சி மருத்துவராக இருந்தார். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் வயிற்றுவலியோடு வந்தார். பித்தப்பையில் கல், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் அவருடைய பழைய கோப்பைப் புரட்டிய ரோசன்பெர்க்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே மருத்துவமனையில் அந்த மனிதருக்கு இரைப்பைப் புற்றுநோய் அறுவை நடந்திருக்கிறது. கல்லீரல் வரை பரவியிருந்த கட்டிகளை முழுதும் எடுக்க முடியாமல், வயிற்றை மூடி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வேறு சிகிச்சை எதுவும் தரவில்லை. சில மாதங்களில் இறந்திருக்க வேண்டியவர், பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கண்முன் உட்கார்ந்திருக்கிறார்.

அன்று எடுத்த கட்டித் திசு வைக்கப்பட்டிருந்த பழைய கண்ணாடித் தகடுகளைத் தேடியெடுத்து மறுபடி பரிசோதிக்கச் சொன்னார். சந்தேகமில்லை, புற்றுதான். பித்தப்பையை எடுக்க வயிற்றைத் திறந்தபோது கல்லீரல் முழுவதையும் கையால் தடவிப் பார்த்தார். கட்டி இருந்த இடமே தெரியவில்லை. எந்த மருந்தும் இல்லாமல் இந்த உடல் புற்றை அழித்திருக்கிறது என்றால், அழித்தது எது? அவருடைய வாழ்நாள் கேள்வி அந்த அறுவை மேசையில் பிறந்தது.

உடனே ஒரு காரியமும் செய்துபார்த்தார். இரைப்பைப் புற்றுநோயால் அவதிப்பட்ட இன்னொருவருக்கு, உரிய அனுமதியோடு, இந்த மனிதரின் இரத்தத்தை ஏற்றினார். பலனில்லை; அவர் இறந்துபோனார். இளம் மருத்துவரின் அவசரம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் கேள்வி சரியான கேள்வி, கையில் இருந்த கருவிதான் போதவில்லை.

நம் எதிர்ப்பணுக்கள் புற்றுச் செல்லை எப்படி அடையாளம் காண்கின்றன? அதுவும் நம் உடலின் செல்தானே?

இந்தத் துறையின் மையமான கேள்வி இது. கிருமி வெளியிலிருந்து வருவது. புற்று வீட்டுக்குள்ளேயே பிறந்தது. ஆனாலும் ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களைத் துண்டு துண்டாக்கி, தன் மேற்பரப்பில் காட்சிக்கு வைத்துக்கொண்டே இருக்கிறது. டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் ரோந்து போய் அந்தத் துண்டுகளைத் தொட்டுப் பார்க்கின்றன. மரபணுவில் பிழை விழுந்த செல்லில் புரதமும் பிழையோடு இருக்கும். உடல் அதுவரை பார்த்திராத துண்டு வெளியே வரும். அந்தத் துண்டுக்குப் பொருந்தும் ஏற்பி உள்ள டி செல் அங்கே வந்து சேர்ந்தால், தாக்கும்.

வெயிலின் புற ஊதாக் கதிர்களால் வரும் மெலனோமாவில் இந்தப் பிழைகள் மற்றப் பல புற்றுநோய்களைவிட மிக அதிகம். பிழை அதிகமானால் அடையாளமும் அதிகம். எதிர்ப்பாற்றல் சிகிச்சை முதலில் மெலனோமாவில் ஜெயித்ததற்கு இது முக்கியக் காரணம். ரோசன்பெர்க் நேராக இதைத் தெரிந்துகொண்டு மெலனோமாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை செய்த இடத்தைப் பிடித்துக்கொண்டு போனார், காரணம் பின்னால்தான் விளங்கியது.

இன்டர்லூக்கின்-2 என்பது மருந்தா?

உடலே சுரக்கும் புரதம். டி செல்களுக்குத் தீனி என்று வைத்துக்கொள்ளலாம். 1976இல் ராபர்ட் கேலோவின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பு டி செல்களை உடலுக்கு வெளியே நீண்ட நாள் உயிரோடு வைத்திருக்க வழியே இல்லை. 1983இல் ஜப்பானின் தடாட்சுகு தனிகுச்சி அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார். பிறகு பாக்டீரியாவைக் கொண்டே வேண்டிய அளவு தயாரிக்க முடிந்தது. ரோசன்பெர்க் காத்திருந்தது இதற்குத்தான்.

முதல் வெற்றி எப்போது?

1984 இறுதியில். அதற்கு முன்பு நடந்ததைச் சொல்லாமல் அந்த வெற்றியைச் சொல்வது நியாயம் அல்ல. இன்டர்லூக்கின்-2ஐ மட்டும் கொடுத்துப் பார்த்தார். வளர்த்த செல்களை மட்டும் செலுத்திப் பார்த்தார். அறுபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒருவருக்கும் பலன் கிடைக்கவில்லை. அத்தனை பேரும், வேறு வழி இல்லை என்ற நிலையில் தேடி வந்தவர்கள். அவர்கள் உடம்பில் கற்றுக்கொண்ட பாடத்தின் மேல்தான் அடுத்தவருக்கான அளவு தீர்மானிக்கப்பட்டது. எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பெரியவர்களாகத் தெரிவது அந்த அறுபது சொச்சம் பேர்.

பிறகு வந்தவர் 33 வயதான ஒரு கடற்படைப் பெண் அதிகாரி. மெலனோமா உடல் முழுக்கப் பரவி, இன்னும் சில மாதங்கள் என்று சொல்லப்பட்டவர். அவருடைய இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து, இன்டர்லூக்கின்-2இல் சில நாள் ஊறவைத்து, திரும்பச் செலுத்தினார்கள். கூடவே இன்டர்லூக்கின்-2ஐ, அதுவரை யாருக்கும் கொடுத்திராத அளவில், விடாமல் கொடுத்தார்கள். நுரையீரலில் நீர் சேர்ந்து ஒரு கட்டத்தில் மூச்சே நின்றது, மீட்டெடுத்தார்கள். வாரங்கள் போனபின் கட்டிகள் சுருங்க ஆரம்பித்தன. சில மாதங்களில் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அதன்பிறகு பல பத்தாண்டுகள் புற்றுநோய் இல்லாமல் வாழ்ந்தார்.

1985 டிசம்பரில் 25 நோயாளிகளின் முடிவுகள் வெளியாயின. 11 பேருக்குக் கட்டி சுருங்கியிருந்தது. முழுதும் மறைந்தது ஒருவருக்கு மட்டும், அந்தப் பெண்ணுக்கு. பத்திரிகைகள் அட்டைப்படக் கட்டுரைகள் போட்டன. அடுத்த ஆண்டே மேயோ கிளினிக்கின் புற்றுநோய் மருத்துவர் சார்ல்ஸ் மோர்டெல், இவ்வளவு நச்சும் இவ்வளவு செலவும் உள்ளதை முன்னேற்றம் என்று கொண்டாடலாமா என்று கடுமையாக எழுதினார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. 1987இல் 157 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டபோது, சிகிச்சையாலேயே இறந்தவர்கள் நான்கு பேர் என்று ரோசன்பெர்க்கின் குழுவே பதிவு செய்தது. பரவிய மெலனோமாவுக்கு இன்டர்லூக்கின்-2ஐ அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1998இல் அனுமதித்தது. கட்டி முழுதும் மறைந்தவர்கள் நூற்றில் ஆறு பேர்தான். ஆனால் அந்த ஆறு பேரில் பலருக்கு நோய் திரும்பவே இல்லை.

கட்டிக்குள்ளிருந்தே செல்களை எடுத்து வளர்க்கிறார்கள் என்கிறார்களே, அது என்ன?

ரோசன்பெர்க்கின் பெயர் நிலைத்திருப்பது இதனால்தான். ஆங்கில முதலெழுத்துகளால் டிஐஎல் என்பார்கள். கட்டிக்குள் நுழைந்த வெள்ளையணுக்கள் என்று பொருள். யோசனை எளிமையானது. இரத்தத்தில் ஓடும் கோடிக்கணக்கான டி செல்களில் புற்றை அறிந்தவை எவை என்று தேடுவதைவிட, கட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருப்பவற்றை எடுத்தால் என்ன? அவை எதிரியைக் கண்டுபிடித்ததால்தானே அங்கே போயிருக்கின்றன! 1986இல் எலிகளில் சோதித்தபோது, முன்பு பயன்படுத்திய செல்களைவிட இவை 50 முதல் 100 மடங்கு வீரியம் உள்ளவை என்று தெரிந்தது. 1988இல் மெலனோமா நோயாளிகள் 20 பேருக்குக் கொடுத்தார்கள். 11 பேருக்குக் கட்டி சுருங்கியது.

செய்முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நோயாளியின் ஒரு கட்டியை, சிறு எலுமிச்சை அளவு இருந்தாலும் போதும், அறுவை செய்து எடுக்கிறார்கள். சில மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குகிறார்கள். இருபத்துநான்கு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று. பணியாரக் கல்லை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், கைக்குள் அடங்கும் அளவில். ஒவ்வொரு குழியிலும் ஒரு துண்டு. மேலே இன்டர்லூக்கின்-2 கலந்த ஊட்டநீர். அந்த நீர் ரோஸ் கலந்த சிவப்பாக இருக்கும். உடல் சூட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சில நாட்களில் துண்டிலிருந்து டி செல்கள் வெளியே ஊர்ந்து வந்து பெருக ஆரம்பிக்கின்றன. செல்கள் பெருகப் பெருக நீர் அமிலமாகி மஞ்சளாக மாறுகிறது. சில குழிகள் சீக்கிரம் மஞ்சளாகும். சில கடைசிவரை சிவப்பாகவே கிடக்கும். புற்றுச் செல்கள் மடிந்து, எதிர்ப்பணுக்கள் மட்டும் மிஞ்சுகின்றன. பிறகு அவற்றைப் பெரிய அளவில் பெருக்கிப் பைகளில் நிரப்பி, இரத்தம் ஏற்றுவதுபோல நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இன்று அனுமதி பெற்றுள்ள சிகிச்சையில் ஒருவருக்குப் போகும் செல்கள் 750 கோடி முதல் 7,200 கோடி வரை.

செல்களை ஏற்றுவதற்கு முன் எதிர்ப்பாற்றலையே அழிக்கிறார்களாமே? இது முரணாக இல்லையா?

கேட்கும்போது முரணாகத்தான் இருக்கிறது. 1988இல் கட்டி சுருங்கியவர்களில் பலருக்கு அது நிலைக்கவில்லை. ஏற்றிய செல்கள் உடலில் தங்காமல் மறைந்துபோயின. காரணத்தைத் தேடிப் பல ஆண்டுகள் போயின. கடைசியில் கிடைத்த விடை: இடம் இல்லை. ஒரு பந்தியில் இலையும் சோறும் அளவாகத்தான் இருக்கின்றன. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருக்காமல் புதிதாக வந்தவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? உடலில் இருக்கும் வெள்ளையணுக்கள், டி செல்கள் வாழத் தேவையான வளர்ச்சிப் புரதங்களைத் தின்று தீர்த்துவிடுகின்றன. தாக்குதலை அடக்கிவைக்கும் ஒருவகை டி செல்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றன.

ஆகவே சைக்ளோபாஸ்பமைடு, புளூடராபின் என்ற இரு மருந்துகளை ஒரு வாரம் கொடுத்துப் பந்தியைக் காலிசெய்துவிட்டு, பிறகு வளர்த்த செல்களை ஏற்றினார்கள். 2002இல் வெளியான முடிவில், வேறு எதற்கும் கட்டுப்படாத 13 மெலனோமா நோயாளிகளில் 6 பேருக்குக் கட்டிகள் பெருமளவு சுருங்கின. செல்களும் மாதக்கணக்கில் உடலில் தங்கின. ரோசன்பெர்க்கின் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

எத்தனை பேருக்குப் பலன் கிடைக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

2011இல் ரோசன்பெர்க் குழு வெளியிட்ட கணக்கில் 93 நோயாளிகள். அநேகமாக எல்லோருமே மற்றச் சிகிச்சைகளை முயன்று தோற்றவர்கள். 20 பேருக்குக் கட்டி முழுதும் மறைந்தது. அந்த 20 பேரில் 19 பேர் மூன்றாண்டுகளுக்கு மேலும் நோயின்றி இருந்தார்கள். நூற்றில் இருபது சொச்சம். ஆனால் அந்த இருபது சொச்சத்துக்கு அது நிரந்தரம்போல.

ஒரே நிறுவனத்தின் கணக்கை நம்பலாமா என்று கேட்டவர்களுக்கு நெதர்லாந்தும் டென்மார்க்கும் 2022இல் பதில் சொல்லின. 168 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு டிஐஎல், மறுபகுதிக்கு இப்பிலிமுமாப் மருந்து (அடுத்த பதிலில் இதைப் பார்ப்போம்). கட்டி சுருங்கியது டிஐஎல் பெற்றவர்களில் 49 சதவீதம், மற்றவர்களில் 21 சதவீதம். 2024 பிப்ரவரியில் லைஃபிலூசெல் என்ற பெயரில் இந்தச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரத்தப் புற்றுநோய் அல்லாத, கட்டியாக வளரும் புற்றுநோய் ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட முதல் டி செல் சிகிச்சை இதுதான். அந்த அனுமதிக்கு அடிப்படையான 73 பேரில் பலன் கண்டவர்கள் 31.5 சதவீதம்.

பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை செய்வதில்லை என்பதையும் இந்த எண்களே சொல்கின்றன. இதயமும் சிறுநீரகமும் பலவீனமானவர்களால் இதைத் தாங்க முடியாது. சிகிச்சையாலேயே மரணம் நேரலாம் என்ற எச்சரிக்கை மருந்தின் குறிப்பிலேயே கட்டம் கட்டித் தரப்பட்டிருக்கிறது.

நோபல் பரிசு வாங்கியது வேறு யாரோதானே?

ஆம். 2018இல் ஜேம்ஸ் ஆலிசனும் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவும் பெற்றார்கள். அவர்களுடைய வழி வேறு. டி செல்கள் கட்டுமீறி நம் உடலையே தாக்காதிருக்க, இயற்கை அவற்றுக்குக் கடிவாளங்கள் போட்டிருக்கிறது. ஆலிசன் ஆராய்ந்தது சிடிஎல்ஏ-4 என்ற கடிவாளம். ஹோஞ்சோ 1992இல் கண்டுபிடித்தது பிடி-1. கடிவாளத்தை மருந்தால் தளர்த்தினால், செல்களை வெளியே எடுத்து வளர்க்காமலே உடலுக்குள் இருப்பவை பாயும். இப்பிலிமுமாப் 2011இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014இலும் மெலனோமாவுக்கு அனுமதி பெற்றன. இப்பிலிமுமாப்பை நோயாளிகளுக்குக் கொடுத்து, அது வேலை செய்கிறது என்றும் குடலைத் தாக்குகிறது என்றும் 2003இல் தொடக்கத்திலேயே காட்டியவர்களில் ரோசன்பெர்க்கின் குழுவும் உண்டு.

இன்று மெலனோமாவுக்கு முதலில் கொடுப்பது இந்தக் கடிவாள மருந்துகளைத்தான். அவை கைவிட்டால் டிஐஎல். இப்பிலிமுமாப்பும் நிவோலுமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் பத்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் 43 சதவீதம் என்று 2024இல் செய்தி வந்தது. ஓராண்டைக் கடப்பதே அரிது என்றிருந்த நோயில்!

சிகிச்சைக்குப் பின் தோலில் வெள்ளைத் திட்டு வந்தால் பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். டி செல்கள் மெலனோமாவில் அடையாளம் காணும் சில புரதங்கள், மார்ட்-1 போன்றவை, சாதாரண மெலனோசைட்களிலும் உண்டு. ஆகவே தாக்குதல் அவற்றின் மேலும் கொஞ்சம் பாய்ந்து வெண்புள்ளிகள் வருகின்றன. மெலனோமா நோயாளிகளில் இவை சிகிச்சை வேலை செய்வதன் அறிகுறியாகவே பல ஆய்வுகளில் தெரிந்திருக்கின்றன. தொழுநோயோடு இதற்குத் துளியும் தொடர்பில்லை. வெண்குஷ்டம் என்ற பழைய சொல்லை இனியாவது விட்டுவிட வேண்டும்.

வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, காரணமில்லாத கடும் அசதி ஆகியவை வேறு விஷயம். கடிவாள மருந்து எடுப்பவருக்கு இவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்தை நிறுத்திப் பல மாதம் ஆனபிறகும் வரலாம்.

கறுப்புத் தோல் உள்ள நமக்கு மெலனோமா வருமா?

வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் மிக மிக அரிது. ஆனால் வரும்போது நாம் எதிர்பார்க்காத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. வெயிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான்.

என் அத்தைக்கு இடது குதிகாலில் வந்தது. காலாணி என்று நினைத்தார். வயல் வரப்பில் செருப்பில்லாமல் நடந்து பழகிய கால். காலாணி அவருக்குப் புதிதல்ல. கார்ன் பிளாஸ்டர் ஒட்டினார், பிளேடால் சீவினார். அது புண்ணாகி ஆறாதபோது, ஒரு கிளினிக்கில் சர்க்கரைப் புண் என்று எட்டு மாதம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புண்ணின் ஓரம் மை சிந்தியதுபோலக் கறுத்துக்கொண்டே போனதைக் கட்டுப் போட்டவர்களும் பார்த்தார்கள், நாங்களும் பார்த்தோம். தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் பயாப்ஸி. 2009 மாசியில் அத்தை போய்விட்டார். இப்பிலிமுமாப் வந்தது அதற்கு இரண்டாண்டு கழித்து. வந்திருந்தாலும் அவருக்கு உதவியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. உள்ளங்கால் மெலனோமாவில் மரபணுப் பிழைகள் குறைவு, அதனால் இந்த மருந்துகளின் பலனும் குறைவு. முதல் மாதத்திலேயே பயாப்ஸி செய்திருந்தால் நிச்சயம் உதவியிருக்கும்.

ஆறாத புண், பரவும் கருந்திட்டு, ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டு போகும் கருங்கோடு, நகத்தைத் தாண்டிச் சதைக்கும் இறங்கும் கறுப்பு: இவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல நகங்களில் சிறு வயதிலிருந்தே மெல்லிய கோடுகள் இருப்பது நம்மிடையே சாதாரணம். அதற்காகக் கலங்க வேண்டாம்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் கஷாயமும் இதைத்தானே செய்கிறது?

இல்லை. கொரோனாவுக்குப் பிறகு இந்தக் கேள்வி அதிகமாக வருகிறது. ரோசன்பெர்க் ஐம்பது ஆண்டுகளில் கண்டது, பொதுவாக எதிர்ப்பு சக்தி கூடினால் புற்று போய்விடும் என்பதை அல்ல. இந்த நோயாளியின் இந்தக் கட்டியில் உள்ள இந்தப் பிழையை அறியும் டி செல் தேவை. அதுவும் போதிய எண்ணிக்கையில், அடக்கப்படாமல் தேவை. சாவி போன்ற பொருத்தம். கஷாயம் அதைத் தராது.

கெடுதலும் நேரலாம். கடிவாள மருந்து எடுப்பவருக்குக் கல்லீரல் அழற்சி வந்தால் மருந்தாலா மூலிகையாலா என்று பிரித்தறிவது கடினம். சீந்தில் கொடி எடுத்தவர்களுக்கு வந்த கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்திருக்கிறார்கள். எதை எடுத்தாலும் புற்றுநோய் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

செலவு எவ்வளவு?

லைஃபிலூசெல்லுக்கு 2024இல் அமெரிக்காவில் வைத்த விலை 5,15,000 டாலர். நான்கு கோடி ரூபாய்க்கு மேல். மருத்துவமனைச் செலவு தனி. பெதஸ்டாவில் ரோசன்பெர்க்கின் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களிடம் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கியதில்லை. மக்கள் வரிப்பணத்தில் பல பத்தாண்டுகள் வளர்ந்த ஒரு சிகிச்சை கடைசியில் இந்த விலைக்கு வந்து நிற்பது எனக்கு ஆறவில்லை.

இந்தியாவில் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் கிடைக்கின்றன. விலைதான் பெரும்பாலோருக்கு எட்டுவதில்லை. விலையைக் குறைக்க முடியும் என்பதற்கு ஒரு சான்று நம்மிடமே உண்டு. இரத்தப் புற்றுநோய்க்கான மாற்றியமைத்த டி செல் சிகிச்சை ஒன்றை மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி, 2023இல் அனுமதி பெற்று, வெளிநாட்டு விலையில் சிறு பகுதிக்குத் தருகிறார்கள். அந்தவகைச் செல்களால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக் கட்டி சுருங்கியதை 2010இல் முதலில் அறிவித்ததும் ரோசன்பெர்க்கின் நிறுவனமே.

மற்றப் புற்றுநோய்களுக்கு இது பயன்படுமா?

பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். மார்பகம், குடல், பித்தநாளம் போன்றவற்றில் மரபணுப் பிழைகள் குறைவு. ஆகவே பொருந்தும் டி செல்களும் மிகச் சில. ரோசன்பெர்க் குழு கட்டியின் மரபணு முழுவதையும் படித்து, எந்தப் பிழையை எந்த டி செல் அறிகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறது. 2018இல் வெளியான ஒரு நேர்வில், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்ணின் கட்டியில் 62 பிழைகள் இருந்தன. அவருடைய டி செல்கள் அறிந்தது நான்கை மட்டும். அந்த நான்கை அறிந்தவற்றை வளர்த்து ஏற்றினார்கள். கட்டி முழுதும் மறைந்தது. இப்படி மறைந்தவர்கள் இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

வீட்டில் ஒருவருக்கு மெலனோமா என்று உறுதியாகிவிட்டது. மருத்துவரிடம் என்ன கேட்பது?

கட்டியின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். மற்ற முடிவுகள் பலவும் அதைப் பொறுத்தவை. நிணநீர் முடிச்சைச் சோதித்தார்களா, பிராஃப் என்ற மரபணுச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். பிராஃப் பிழை இருந்தால் அதற்கென்று மாத்திரைகள் உண்டு. நிணநீர் முடிச்சில் கட்டி தெரிகிறது, அறுவை செய்யலாம் என்றால், அறுவைக்கு முன்பே எதிர்ப்பாற்றல் மருந்தைத் தொடங்க முடியுமா என்று அவசியம் கேளுங்கள். கட்டி உள்ளே இருக்கும்போதே கடிவாளத்தைத் தளர்த்தினால் கூடுதல் டி செல்கள் அதைப் பார்த்துப் பழகுகின்றன. 2023இல் வெளியான 313 பேர் ஆய்வில், அறுவைக்கு முன்பே பெம்ப்ரோலிசுமாப்பைத் தொடங்கியவர்களில் 72 சதவீதம் பேர் இரண்டாண்டு வரை நோய் மீளாமலோ முற்றாமலோ இருந்தார்கள். அறுவைக்குப் பிறகு மட்டும் பெற்றவர்களில் 49 சதவீதம். மருந்து அதேதான், வேளைகளின் எண்ணிக்கையும் அதேதான். தொடங்கும் நாள் மட்டும் வேறு.